ஜாஸ் குணப்படுத்துமா? பராமரிப்பு மையத்தில் வாசிக்கப் போகும் குழுவுக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் ஆறு பேர். கிளாரினெட், டிரம்பெட், கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ், பாட்டு. ஓய்வு நேரத்தில் ஜாஸ் வாசிக்கிறோம். சென்ற மாதம் ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் ஒரு மணி நேரம் வாசித்தோம். பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள், துணையை இழந்தவர்கள், மறதிநோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் என இருபது பேர் வரை இருந்தார்கள். எல்லாமே துள்ளலான பாட்டுகள்தான். இரண்டு பேர் எழுந்து ஆடினார்கள். ஐந்து பேர் பாதியில் வெளியேறிவிட்டார்கள். ஒரு அம்மா அழ ஆரம்பித்தார். அவரை உற்சாகப்படுத்த இன்னும் வேகமான பாட்டுக்கு மாறினோம், அழுகை கூடிவிட்டது. இப்போது நிர்வாகி வாரம்தோறும் வரச் சொல்கிறார். ஜாஸ் உண்மையிலேயே குணப்படுத்துமா? கேட்பவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? சத்தத்தைக் குறைத்து வாசித்தால் அது ஜாஸே இல்லை என்கிறார் எங்கள் டிரம்மர். அவருக்கு என்ன சொல்வது?

பதில் (இசைச் சிகிச்சையாளர்):

அன்புள்ள நண்பருக்கு,

நிர்வாகியிடம் தாராளமாகச் சம்மதம் சொல்லுங்கள். ஆனால் சென்ற மாதம் செய்ததையே வாரம்தோறும் செய்யாதீர்கள். அன்று நீங்கள் நடத்தியது கச்சேரி. இனி நடத்த வேண்டியதில் உங்கள் ஆறு பேரின் வாசிப்பு பாதி வேலைதான்.

குணப்படுத்துமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இதில் மிகைப்பேச்சு அதிகம். எந்த இசையும் அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்காது, மறதிநோயை நிறுத்தாது. உங்கள் நிகழ்ச்சியை நம்பி யாரும் ஒரு மாத்திரையையோ ஒரு நாள் பிசியோதெரபியையோ தள்ளிப்போடக் கூடாது. அதற்கு அப்பால் இசையால் ஆகக்கூடியது கணிசம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட அறிக்கை, நோயைத் தடுப்பதிலும் நோயோடு வாழ்வதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்கிறது. மறதிநோய் உள்ளவர்களுக்கான இசைச் சிகிச்சை பற்றி 2018-இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது), குறைந்தது ஐந்து அமர்வுகளாவது நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தது. மனச்சோர்வு அறிகுறிகள் குறைய நல்ல வாய்ப்பு உண்டு, அறிவுத்திறனில் மாற்றம் அநேகமாக இல்லை என்பது அதன் முடிவு. குடும்பத்தார் கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்: மனம் லேசாகலாம், மறந்துபோனது திரும்பாது. ஐந்து அமர்வு என்ற அளவையும் கவனியுங்கள். ஒருநாள் கச்சேரியை வைத்து எதையும் எடைபோட முடியாது.

பக்கவாதத்தில் வேறொரு பயன் உண்டு. சீரான தாளத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தால் நடையின் வேகமும் காலடியின் நீளமும் கூடுவதை 1990-களிலிருந்து ஆய்வுகள் காட்டிவருகின்றன. பார்க்கின்சன் நோயிலும் அப்படித்தான். அதைச் செய்யும் முறை வேறு. நோயாளி இயல்பாக நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறார் என்று எண்ணி, அதே வேகத்தில் தாளம் கொடுத்து, பிறகு 5 முதல் 10 சதவீதம் மட்டும் ஏற்றுவார்கள். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் இதில் இறங்க வேண்டாம்.

ஜாஸுக்கென்று தனி மருந்து குணம் ஏதும் உண்டா? எந்த இசைவகைக்கும் அப்படி இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஒருவருக்குப் பழகிய, பிடித்த இசைதான் அவரிடம் நன்றாக வேலை செய்யும். ஜாஸின் பலம் அதன் கட்டமைப்பில் இருக்கிறது. சிறிய சுற்று திரும்பத் திரும்ப வரும். அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கிடைக்கும். ஒருவர் முறை நடக்கும்போது மற்றவர்கள் அவரைத் தாங்குவார்கள். கச்சேரியில் பாடகர் கற்பனை ஸ்வரம் பாடி நிறுத்த, வயலின்காரர் வாங்கித் திருப்பித் தருவதைப் போன்ற உறவு இது. ஆனால் இங்கே ஒரே ஒரு ஸ்வரம் தெரிந்தவரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடலாம். நோயாளியாகிவிட்ட ஒருவர் நாள் முழுக்கப் பிறரிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறார், மருந்து, உணவு, புத்திமதி என்று. அவர் கொடுக்க, இருபது பேர் காத்திருந்து வாங்கிக்கொள்ளும் ஐந்து விநாடி அவருக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. உங்கள் கச்சேரியில் அது யாருக்கும் கிடைக்கவில்லை. ஆடிய இருவர் மட்டும் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

தாளத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. டிரம்ஸ் தாளத்தில் எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமல் முன்னோ பின்னோ தள்ளி விழும் அளவை மாற்றி மாற்றி வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. தள்ளல் அறவே இல்லாத தாளமும், மிக அதிகமாக இருந்த தாளமும் உடலை அவ்வளவாக அசைக்கவில்லை. நடுத்தர அளவில் இருந்ததுதான் ஆடத் தூண்டியது, இன்பமும் தந்தது. ஸ்விங் என்னும் ஊசலாடும் ஜாஸ் நடை பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. பிபாப் என்னும் அதிவேகச் சிக்கலான ஜாஸ் பாணிக்குப் போனால் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். வாசிப்பவர்களுக்கு மகிழ்ச்சி, உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குழப்பம்.

இனி அழுத அம்மாவின் விஷயம்.

துள்ளல் இசை மட்டுமே மகிழ்ச்சி தரும் என்று எண்ணிப் போனதுதான் அன்றைய சிக்கல். ஜாஸ் பிறந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸில் இந்தப் பாடம் தெருவிலேயே இருக்கிறது. அங்கே கறுப்பின மக்களின் சவ ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக் குழு கல்லறைவரை மெதுவான துதிப்பாடல்களையும் சோகப் பண்களையும் வாசித்துக்கொண்டு போகும். உடலுக்கு விடைகொடுத்த பிறகுதான் தாளம் மாறும். குடும்பமும் சங்கமும் குழுவும் முதல் வரிசை. பின்னால் குடையும் கைக்குட்டையும் வீசி ஆடிக்கொண்டு சேர்ந்துகொள்ளும் ஊர்மக்கள் இரண்டாம் வரிசை. முதலிலேயே துள்ளல் வாசிக்கும் சவ ஊர்வலம் அங்கே கிடையாது.

இசைச் சிகிச்சையில் இதே வரிசைக்கு ஐசோ முறை என்று பெயர். 1940-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆள் இருக்கும் மனநிலைக்கு முதலில் இசை போக வேண்டும், அங்கே சற்று நின்று, பிறகு படிப்படியாக நகர வேண்டும். துக்கத்தில் இருப்பவர் முன்னால் நேராக நிமிடத்துக்கு 180 பீட்டில் தொடங்கினால், தான் மட்டும் தனியே விடப்பட்டதாக அவர் உணர்வார். அவர் அழுதபோது நீங்கள் வேகத்தைக் கூட்டினீர்கள். 'உங்கள் அழுகை இங்கே வேண்டாம்' என்று அவர் காதில் விழுந்திருக்கும்.

அடுத்த முறை யாராவது அழுதால் பாட்டைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வேறு பாட்டுக்கும் தாவாதீர்கள். அந்தச் சுற்று முடியட்டும். டிரம்பெட்டும் டிரம்ஸும் ஒதுங்கிக்கொள்ள, கீபோர்டும் பேஸும் மட்டும் அதே மெட்டை மெல்லத் தொடரட்டும். மையத்தின் உதவியாளர் ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்காரட்டும், வாசிப்பவர்கள் யாரும் போக வேண்டாம். அவர் வெளியே போக விரும்பினால் உதவியாளரும் கூடப் போகட்டும். பிறகு பேசும்போது "ஏன் அழுதீர்கள்" என்று கேட்காமல், "அந்தப் பாட்டை மறுபடி வாசிக்கலாமா, விட்டுவிடலாமா" என்று கேளுங்கள். பலர் வாசிக்கச் சொல்வார்கள். அழுகையோடு மூச்சுத் திணறல், உடல் விறைப்பு, எங்கே இருக்கிறோம் என்ற தடுமாற்றம் இருந்தால் அது வேறு விஷயம். அங்கே இசை நிற்க வேண்டும், மையத்தின் செவிலியர் வர வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போன்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் அன்றைக்கே நிர்வாகிக்குச் சொல்லுங்கள். அடுத்த வாரம்வரை வைத்திருக்காதீர்கள்.

வெளியேறிய ஐந்து பேர் இசை பிடிக்காமல் போனார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் சத்தம், களைப்பு, இருக்கை இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். வேலையிடங்களுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். மூடிய அறையில் டிரம்பெட்டும் முழு டிரம்ஸும் சேர்ந்தால் 90-ஐ எளிதில் தாண்டும். அது ஆரோக்கியமான காதுக்கான கணக்கு. மூளையில் அடிபட்டவர்களுக்கும் மறதிநோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைந்த சத்தமே தொந்தரவாகும். செல்போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, உங்களுக்கு மிக அருகில் இருக்கும் நாற்காலியில் வைத்துப் பாருங்கள். சராசரி 75-க்குள் நிற்கட்டும். கருவி இல்லாமலே ஒரு சோதனை: பக்கத்து நாற்காலிக்காரரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லையென்றால் சத்தம் அதிகம்.

காதுக்கருவி அணிந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. அந்தக் கருவிகள் பேச்சுக்காகச் சீரமைக்கப்பட்டவை. கிளாரினெட் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால், காதுக்கருவி அதைத் தன்னிடமிருந்தே எழும் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். காதில் ஒரு நடுக்கமான கீச்சொலி கேட்கும். கேட்பவருக்கு அது உங்கள் சுருதிப் பிழை! கருவியில் இசைக்கான தனி அமைப்பு இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களை டிரம்பெட்டுக்கும் சிம்பலுக்கும் எதிர்ப்பக்கம், பேஸ் கிட்டாருக்கு அருகில் உட்கார வையுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சாதாரணக் களைப்பு அல்ல. திடீரென்று வரும், உட்காரவே முடியாது. ஆகவே ஒரு மணி நேரத்தை 45 நிமிடமாகக் குறையுங்கள். எழுந்து போவது குற்றமல்ல என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி, கதவுக்குப் பக்கத்தில் சில நாற்காலிகளைக் காலியாக விடுங்கள். போனவர்கள் திரும்பி வந்து அங்கே உட்காருவார்கள்.

மேடை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நீங்கள் ஆறு பேரும் அந்த வட்டத்தின் ஒரு பகுதியாக உட்காருங்கள். டிரம்பெட்டின் வாய்க்கு நேரே மூன்று மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது, சத்தத்தைக் குறைக்க அந்த வாயில் செருகும் மியூட் கட்டாயம். கைப்பிடி வைத்த நாற்காலிகள் நல்லது. வயர்களைத் தரையோடு டேப் ஒட்டிவிடுங்கள். ஆட எழும் ஒவ்வொருவருக்கும் பலவீனமான பக்கத்தில் ஓர் உதவியாளர் நிற்க வேண்டும். காலணி குதிகாலை மூடியதாக இருக்கட்டும். சுழன்று திரும்பும் இடத்தில்தான் அதிகம் விழுகிறார்கள். எனவே ஜோடியாகச் சுற்றும் ஆட்டம் வேண்டாம், முன்னும் பின்னும் அடி வைக்கும் ஆட்டமே போதும். ஐந்து பேருக்கு ஓர் உதவியாளர் என்ற விகிதம் இல்லாத நாளில் எல்லோரும் உட்கார்ந்தபடியே ஆடட்டும்.

கையில் கொடுக்க என்ன வாங்குவது? இருபது பேருக்கு ஆட்டினால் ஒலிக்கும் முட்டை வடிவ ஷேக்கர் எட்டு, நான்கு கைப்பறை, இரண்டு மரக்கட்டை, கட்டைகளைத் தனித்தனியாகக் கழற்றக்கூடிய ஒரு சைலஃபோன். டாம்பரின் ஒன்றே ஒன்று போதும், அதன் சலங்கை ஒலி காதுக்கருவியில் ஊசி குத்துவதுபோல் இறங்கும். எல்லோருக்கும் கருவி கொடுக்காதீர்கள். கைதட்டலும் காலும் குரலும் இருக்கின்றன. பறையை மடியில் வைக்க முடியாதவருக்கு ஸ்டாண்டில் நிறுத்திக் கொடுங்கள். செயலிழந்த கையில் கருவியைத் திணிப்பது கூடாது, அதைப் பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்கம் இருப்பதே கவனத்தில் வராது. எந்தப் பக்கமிருந்து அவரை அணுகுவது என்று மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊது கருவிகளை வாய் மாற்றி ஊதக் கூடாது. யாராவது டிரம்பெட்டை ஊதிப் பார்க்க ஆசைப்பட்டால், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா), அண்மையில் கண் அறுவை, குடலிறக்கம், மூளை ரத்தக்கசிவு இவற்றில் ஏதும் இருந்ததா என்று விசாரித்து, டாக்டர் சம்மதித்த பிறகே.

எல்லோரும் முறை எடுக்கும் சுற்றுக்கு வாசிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, பன்னிரண்டு பார் ப்ளூஸ் (ஒரு பார் என்பது நான்கு பீட்). கீ எஃப். முதல் நான்கு பார் எஃப் கார்டு, அதாவது எஃப்-இல் நிற்கும் கூட்டொலி. அடுத்த இரண்டு பி ஃபிளாட், இரண்டு எஃப். கடைசி நான்கு: சி, பி ஃபிளாட், எஃப், எஃப். உங்கள் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் கருவிகளாதலால் அவர்களுக்கு இது ஜி கீ. வேகம் நிமிடத்துக்கு 96 பீட். அப்போது 48 பீட் கொண்ட ஒரு சுற்று சரியாக 30 விநாடி ஓடும், இரண்டு பார் ஐந்து விநாடி. ஒரு சுற்றில் ஆறு பேருக்கு முறை கொடுத்துவிடலாம். முறை வருவதற்குள் கவனம் சிதறிப்போகாத அளவு அது.

சைலஃபோனில் சி தவிர மற்றக் கட்டைகளையெல்லாம் கழற்றி வையுங்கள். அந்த ஒரு ஸ்வரம் மூன்று கார்டிலும் ஒத்துப்போகும். எஃப் கார்டில் ஐந்தாவதாகவும், பி ஃபிளாட்டில் ஒன்பதாவதாகவும், சி கார்டில் மூலமாகவும் நிற்கும். எங்கே அடித்தாலும் பிழையாகாது. எஃப் கட்டையைக் கொடுத்தால் சி கார்டு வரும் பாரில் கொஞ்சம் உரசும். ஆகவே அதை இரண்டாவது வாரம் சேருங்கள். பிறகு ஏ ஃபிளாட், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். ஐந்தும் சேர்ந்தால் ப்ளூஸ் மணம் வந்துவிடும்.

தொடக்கச் சுற்றுக்கு ஸ்வரமே வேண்டாம், பெயர் போதும். பேஸும் ஹை-ஹாட்டும் (காலால் மிதித்து மூடும் இரட்டைச் சிம்பல்) ஓட, ஒருவர் தன் பெயரை ஒரு பாருக்குள் தனக்குத் தோன்றிய தாளத்தில் சொல்கிறார். அடுத்த பாரில் எல்லோரும் அதே தாளத்தில் திருப்பிச் சொல்கிறார்கள். கிளாரினெட் அதை ஒரு தரம் வாசித்துக் காட்டுகிறது. தன் பெயர் ஒரு மெட்டாகித் திரும்பி வருவதைக் கேட்கும் முகங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் யாரிடம் முதலில் போவது என்று அதிலேயே தெரிந்துவிடும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவருக்கு ஸ்கேட் இருக்கிறது. சொல்லில்லாமல் 'தூ-பி-தா' என்று அசைகளால் பாடும் இந்த முறை, லூயி ஆம்ஸ்ட்ராங் 1926-இல் பதிவுசெய்த ஒரு பாட்டுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அந்த வட்டத்தில் யாருக்குமே சொல் தேவையில்லை என்பதால், சொல் கிடைக்காதவர் அங்கே குறைந்தவராவதில்லை. பேச்சை மீட்கும் பயிற்சி தனி, அதைப் பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துக்கொள்வார்.

முறை கொடுக்கும்போது வட்ட வரிசையில் போகாதீர்கள். தன் முறை நெருங்க நெருங்கச் சிலருக்கு வியர்க்கும். கண்ணைப் பார்த்து, விரித்த கையை நீட்டுங்கள். வேண்டாமென்றால் அவர் கையை நெஞ்சில் வைக்கட்டும். உடனே கிளாரினெட் அந்த இரண்டு பாரை நிரப்பிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும். 'சும்மா முயற்சி பண்ணுங்க' என்று கெஞ்சுவது வேண்டவே வேண்டாம், இசையும் அதற்காக நிற்கக் கூடாது. நாலு வாரம் நெஞ்சில் கை வைத்தவர் ஐந்தாவது வாரம் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குக் கைதட்டிப் பாராட்டாதீர்கள், திருப்பி வாசியுங்கள். பாராட்டு அவரை நோயாளியாக்கும், திருப்பி வாசிப்பது வாத்தியக்காரராக்கும்.

பிசிறான ஸ்வரம் விழுந்தாலும் இதே மருந்துதான். கிளாரினெட் அதே ஸ்வரத்தைத் திரும்ப இரண்டு முறை வாசித்து, அரை ஸ்வரம் நகர்ந்து கார்டுக்குள் இறங்கிவிடட்டும். ஒரு தரம் விழுந்தால் பிழை, மூன்று தரம் விழுந்தால் மெட்டு. இப்படிப் பிழையைத் தாங்கும் இடம் ஜாஸில் உண்டு என்பது பயந்தவர்களுக்குப் பெரிய விடுதலை. 2008-இல் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் வாசிக்கவிட்டுப் பார்த்த ஆய்வில், மனதில் தோன்றியதை வாசிக்கும்போது தன்னைத்தானே கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதியின் வேலை தணிந்தது தெரிந்தது. அவர்கள் தேர்ந்த கலைஞர்கள், ஆறே பேர். ஷேக்கர் ஆட்டும் தாத்தாவின் மூளையிலும் அதுவே நடக்கிறது என்று நிகழ்ச்சி அறிவிப்பில் எழுதிவிடாதீர்கள்.

45 நிமிடத்தை இப்படி ஓட்டலாம். ஆட்கள் வந்து உட்காரும் முதல் ஐந்து நிமிடம் கீபோர்டும் பேஸும் மட்டும், 70 பீட் அளவில். பிறகு பெயர்ச் சுற்று ஏழெட்டு நிமிடம். அதன்பின் பத்து நிமிடம் மெதுவான பாட்டுகள், அங்கே இருப்பவர்கள் முன்வாரம் வாசிக்கச் சொன்னவை. துக்கத்துக்கான இடம் அதுதான், அதைச் சுருக்காதீர்கள். பன்னிரண்டு பார் சுற்று கால் மணி நேரம். உச்சமாக ஒரே ஒரு துள்ளல் பாட்டு, 120-க்கு மேல் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் மறுபடி 70-க்கு இறங்குங்கள். உச்சத்தில் முடித்தால் கைதட்டல் அதிகம் கிடைக்கும், ஆனால் மறதிநோய் உள்ளவர்கள் மாலைவரை அமைதியில்லாமல் உலாவக்கூடும். ஆடியவர்கள் சட்டென்று எழுந்து நடக்கும்போது தலைசுற்றலாம்.

எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். உற்சாகம் ஏறினால் ஷேக்கர்கள் ஓட ஆரம்பிக்கும், 96-இல் தொடங்கியது மூன்று நிமிடத்தில் 115-க்குப் போய்விடும். பின்னால் இழுத்துப் பிடிக்க முயன்றால் இரண்டு தாளமாகப் பிளந்துவிடும். பேஸ் ஒரு பாருக்கு இரண்டு ஸ்வரம் மட்டும் வாசிக்கட்டும், ஹை-ஹாட் இரண்டாவது, நான்காவது பீட்டில் மட்டும் விழட்டும், மற்றதெல்லாம் நிற்கட்டும். இடைவெளி தெரிந்தால் கைகள் தாமாக நிதானிக்கும். ஜாஸில் கைதட்டலும் இரண்டிலும் நான்கிலும்தான் விழ வேண்டும், ஒன்றிலும் மூன்றிலும் விழுந்தால் திருத்தச் சொல்ல வேண்டாம். ஒன்றுக்கும் மூன்றுக்கும் காலைத் தட்டச் சொல்லுங்கள், கை வேறு வழியில்லாமல் இரண்டுக்கு வந்துவிடும். கீபோர்டுக்காரர் கெட்டிக்காரரென்றால் ஒரே ஒரு பாரை ஐந்து பீட்டாக வாசித்துவிட்டால் போதும், முழுக் கூட்டத்தின் தட்டலும் புரண்டுவிடும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள். உங்கள் ஆறு பேரில் யாருக்கும் ஒரு சுற்றுக்கு மேல், அதாவது 30 விநாடிக்கு மேல் தனி வாசிப்பு இல்லை என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள். பயிற்சி நாளில் ஆசை தீர வாசித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் தொழில்முறையாக வாசித்து, இப்போது கை ஒத்துழைக்காத ஒருவர் அந்த வட்டத்தில் இருக்கக்கூடும். ஷேக்கரைக் கொடுத்தால் அவருக்கு அவமானம். பாட்டைத் தொடங்கிவைக்க எண்ணிக்கை சொல்வது, சுற்றை முடிக்கச் சொல்லிக் கை உயர்த்துவது, வேகத்தைத் தீர்மானிப்பது இவற்றை அவரிடம் விடுங்கள். அவர் தன்னால் முடிந்த கையை உயர்த்தினால் கடைசி நான்கு பாரை மூன்று முறை வாசித்து நிறுத்துவது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு முடியத் தெரியாமல் தேய்ந்து ஓயும். அங்கேதான் முழு வட்டமும் தன்மேல் நம்பிக்கை இழக்கும்.

சமூகமாக்குவது இதைவிட மெதுவான காரியம். பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. பாடியவர்கள் தொடக்கத்தில் வெகு சீக்கிரம் நெருங்கினார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தால் மற்ற வகுப்புக்காரர்களும் அதே அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். சேர்த்துவைக்கும் வேகம் இசையுடையது, சேர்ந்தே இருப்பதற்கு வாரம்தோறும் வந்தாக வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் அந்த ஊர்வலங்களுக்குப் பின்னால் இருப்பவை பரஸ்பர உதவிச் சங்கங்கள். 1884-இல் தொடங்கிய யங் மென் ஒலிம்பியன் சங்கம் இன்றும் ஊர்வலம் போகிறது. காப்பீட்டுக் கம்பெனிகள் கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள். நோய்வாய்ப்பட்டால் செலவுக்குப் பணம், இறந்தால் அடக்கச் செலவு, கூடவே வாத்தியக் குழு. உங்களுக்கு அத்தனை தேவையில்லை. இரண்டு வாரம் வராதவரை யார் போய் விசாரிப்பது என்று ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். நாற்காலி போடுவது, வாசலில் பெயர் சொல்லி வரவேற்பது, அடுத்த வாரப் பாட்டைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றையும் மையத்துக்கு வருபவர்களிடமே விடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கருவிகளை மூட்டை கட்டாமல் கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். பேச்சு அப்போதுதான் நடக்கும். ஆறாவது வாரத்துக்கு மேல் உங்களில் மூன்று பேர் வந்தாலே போதும் என்ற நிலை வந்தால் காரியம் சரியாகப் போகிறது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, 'பிடித்ததா' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லோரும் ஆமென்பார்கள். உள்ளே வரும்போதும் போகும்போதும், சோகத்திலிருந்து சிரிப்புவரை ஐந்து முகம் வரைந்த அட்டையில் ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். 'எதை விட்டுவிடலாம்' என்று கேளுங்கள். யார் கேட்காமலேயே முறை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ வேண்டாம். மறதிநோய் உள்ளவர் இன்று சொன்ன சம்மதம் நாளை அவருக்கே நினைவிருக்காது, குடும்பத்தாரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியே விடக் கூடாது.

உங்கள் டிரம்மரிடம் இதைச் சொல்லுங்கள். ஸ்விங் காலத்து டிரம்மர்கள் பேஸ் டிரம்மை நான்கு பீட்டும் காதுக்குக் கேட்காமல் உடம்பில் மட்டும் உணரும்படி தொட்டுத் தொட்டு வாசித்தார்கள். பலமாக அடிப்பதைவிட அது கடினம். ஸ்னேர் என்னும் சிறு டிரம், ஹை-ஹாட், பேஸ் டிரம் தவிர எதையும் கொண்டுவர வேண்டாம், மற்ற சிம்பல்கள் வீட்டில் இருக்கட்டும். பேஸ் டிரம்முக்குள் ஒரு போர்வை. குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்: இடது கை ஸ்னேரின் தோலைவிட்டு எடுக்காமல் வட்டமாகத் துடைத்துக்கொண்டே இருக்க, வலது கை அதன்மேல் ஸ்விங் வடிவத்தைத் தட்ட வேண்டும். 70 பீட்டில் அந்த வட்டம் எங்கும் அறுபடாமல் ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பழகியிராவிட்டால் சில வாரப் பயிற்சி தேவைப்படும். அதுவரை அவர் ஒரு ஷேக்கரை வாங்கிக்கொண்டு வட்டத்தில் உட்காரட்டும்.